மாலை போட்ட வேஷம்

டைரக்டர் தெய்வநாயகத்தின் தொலைக்காட்சித் தொடரில் நான் மாலை போட்ட போட்டோவாக வேலை பார்த்தேன். ஹாலில், கடிகாரத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், செத்துப்போன அப்பாவின் படம் ஒன்று தொங்குமே, அது நான்தான்.

மற்ற தொடர்களில் இந்த வேஷத்துக்கு நிஜமாகவே ஒரு போட்டோவை மாட்டிவிடுகிறார்கள். தெய்வநாயகம் அப்படிப்பட்டவர் இல்லை. தொடர் ஆரம்பித்த அன்று ஆர்ட் டைரக்டர் யாரோ ஒருவருடைய படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். தெய்வநாயகம் அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காபியைக் குடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்தார்.

"இவர் யாருக்கும் அப்பாவா இருந்ததே இல்லையேய்யா" என்றார். பிறகு, "தாண்டவத்தைக் கூப்பிடுங்க."

தாண்டவம் என்றால் தாண்டவராயன். பெயர் அப்படி இருந்தாலும் என் தொழில் அசையாமல் இருப்பதுதான். தெய்வநாயகத்தின் படங்களில் யார் செத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். மற்ற நடிகர்கள் செத்துக் கிடக்கும்போது மூச்சை அடக்குவார்கள். நெஞ்சு விம்மும், காது சிவக்கும். "செத்தவன் மூச்சை அடக்கமாட்டான், விட மறந்திருப்பான்" என்பார் அவர். அந்த மறதி எனக்கு நன்றாக வந்தது. ஆனால் செத்தவனுக்கு வசனம் கிடையாது. அத்தனை படத்திலும் ஒரு வரி, ஒரு சொல், ஒரு 'ஐயோ' கூட எனக்கு அமையவில்லை. அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

அவர் எப்படிப்பட்ட டைரக்டர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய முதல் படத்தில் கதாநாயகி ஓரிடத்தில், "என் தம்பி பினாங்கில் இருக்கிறான்" என்பாள். அவ்வளவுதான்; தம்பி படத்தில் வரவேமாட்டான். தெய்வநாயகம் சிற்றம்பலம் என்ற நடிகரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பிவைத்தார். தம்பி அங்கே இருந்தால்தான் அந்த வசனத்தில் தூரம் கேட்கும் என்றார். படம் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் காரணம் தெரியாமல் கண் கலங்கியது.

ஷூட்டிங் முடிகிற அன்று பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பது சினிமாவில் வழக்கம். அது உடைந்தால்தான் படம் முடிந்ததாக அர்த்தம். அந்தப் படத்துக்கு வாங்கிய பூசணிக்காயை அவர் உடைக்கவிடவில்லை. "ஒரு ஆள் இன்னும் லொகேஷன்ல இருக்காரே, எப்படிய்யா உடைக்கிறது?" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பரணில் வைத்தார். படம் வெளியாகி, நூறு நாள் ஓடி, விருது வாங்கி, ஜனங்களுக்கு மறந்தும் போனது. பூசணிக்காய் அழுகவில்லை. அதற்கும் தொழில் மரியாதை உண்டு.

அடுத்தது, மாயவரம் பக்கத்தில் ரயில் வருவதே நின்றுபோன ஒரு ஸ்டேஷனில் எடுத்த படம். கதைக்கு ரயில் வேண்டும், வாடகைக்குக் கிடைக்கவில்லை. அதனால் என்ன என்றார் தெய்வநாயகம். ஊர் ஜனங்களைப் பிளாட்பாரத்தில் நிறுத்திக் கேமராவை ஓடவிட்டார். காலை முழுக்க ஒன்றும் சரியாக வரவில்லை. அவர் கோபப்படவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய், "நீங்க காத்திருக்கிற மாதிரி நடிக்கிறீங்க. அது வேண்டாம். சும்மா காத்திருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மத்தியானம் ஆனது. ஒரு அம்மாள் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பிள்ளையின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அந்த இழுப்பு அவ்வளவு சரியாக இருந்தது. உடனே சிக்னல் விழுந்து ரயில் வந்தது.

கார்டு தலையை நீட்டி, "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல யாருக்கும் வசனம் எழுதியிருக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் பிளாட்பாரத்தில் வெள்ளைத்துணி போர்த்திச் செத்துக் கிடந்தேன். கார்டு கொஞ்ச நேரம் பார்த்தார், பச்சைக்கொடியை ஆட்டினார், ரயில் போய்விட்டது. அதிலிருந்து ஒரே ஒரு பெண் மட்டும் மஞ்சள் பையோடு இறங்கியிருந்தாள். ஷாட் முடிந்து நான் துணியை விலக்கி எழுந்ததும் என்னிடம்தான் வந்து, "ஏங்க, இங்க சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். அவள்தான் குமுதவல்லி. அடுத்த முகூர்த்தத்தில் எங்களுக்குக் கல்யாணம். எந்த ஊரில் ஏறினாய் என்று நான் அவளைக் கேட்டதில்லை. எந்த ஊரில் இறங்கினேன் என்று அவளும் என்னைக் கேட்டதில்லை.

அந்தப் படத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். தெய்வநாயகம் மட்டும் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "ஒரே ஒரு குறைதான் தாண்டவம். கார்டு கேட்டதுக்குப் பதில் விழாமப் போச்சு" என்பார்.

பிறகு காலம் மாறியது. ரயில் வரும்வரை காத்திருக்க எந்தப் புரொடியூசரும் தயாராக இல்லை. தெய்வநாயகம் தொலைக்காட்சிக்கு வந்தார். பெரிய திரையில் இருந்தவர் இப்படிப் பெட்டிக்குள் வந்துவிட்டாரே என்று சிலர் உச்சுக்கொட்டினார்கள். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "அப்போ ஜனங்க என்னைத் தேடித் தியேட்டருக்கு வந்தாங்க. இப்போ நான் அவங்க வீட்டுக்குப் போறேன். செருப்பைக் கழட்டிட்டுப் போகணும், அவ்வளவுதானே" என்றார். அதன்பிறகு செட்டில் அவர் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.

தொடர் எடுக்க வளசரவாக்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்திருந்தார்கள். ஹால் சுவரில் சதுரமாக ஓட்டை போட்டு, சட்டம் வைத்து, கண்ணாடி பொருத்தினார்கள். சுவருக்குப் பின்னால் அறையில் ஒரு ஸ்டூல். அதில் நான் உட்கார்ந்தால் மார்புவரை படத்தில் இருப்பேன். கண்ணாடியில் என் நெற்றி வருகிற இடம் பார்த்துக் குங்குமம் வைத்தார்கள். சட்டத்தின்மேல் சந்தன மாலை. தெய்வநாயகம் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "செத்தவர் எல்லாத்தையும் பார்ப்பார். எதிலயும் தலையிடமாட்டார். கண்ணைச் சிமிட்டலாம், யாரும் பார்க்காதப்போ."

கதையில் என் மூத்த மகளாக நடித்தவள் பிரபாவதி. அப்பா இல்லாத வீட்டைத் தாங்குகிற பெண். எதற்கெடுத்தாலும் என் முன்னால் வந்து நின்று பேசுவாள். கேமரா ஓடாதபோதும் என்னை அப்பா என்றே கூப்பிட்டாள். தினமும் காலையில் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைப்பாள். தனக்கு வந்த வரன், தம்பி படிப்பு, வீடு மாறலாமா வேண்டாமா என்று சொந்தக் கஷ்டத்தையெல்லாம் சொல்லுவாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். "சரிப்பா" என்று போய்விடுவாள். காரியம் நல்லபடியாகவே முடியும். இதைப் பார்த்து லைட்மேன், மேக்கப்மேன், வேன் டிரைவர் எல்லாரும் சாப்பாட்டு இடைவேளையில் என் முன்னால் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். ஊதுபத்திப் புகையில் எனக்குத் தும்மல் வரும். வந்தாலும் உள்ளேயே வைத்துக்கொள்வேன்.

நான் போட்டோ வேலைக்குப் போய்விட்டதால், வீட்டில் மாட்டியிருந்த என் போட்டோ என் வேலைகளைப் பார்த்துக்கொண்டது. ரேஷன் கடைக்குப் போனது. கல்யாணம் கார்த்திகைகளுக்குக் குமுதவல்லியோடு போய் மொய் எழுதிவிட்டு வந்தது. அண்ணன் முன்னைவிட இப்போது நன்றாகப் பேசுகிறார் என்று தெருவில் சொன்னார்கள். வெயிலில் கூட்டிப்போனால் கண்ணாடி பளபளத்துக் கண் கூசுகிறது என்பதைத் தவிரக் குமுதவல்லிக்கும் குறை ஒன்றும் இல்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்ச் சேனல் தொடரில் செத்துப்போன அம்மா ஒருத்தியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் ரேட்டிங் சரிந்தது. சேனலிலிருந்து நவநீதன் என்ற நிகழ்ச்சி மேலாளர் வந்தார். நல்ல இஸ்திரிச் சட்டை, மரியாதையான ஆள். எங்கள் அப்பாவும் உயிரோடு திரும்பி வரவேண்டும், வெள்ளிக்கிழமை எபிசோடிலேயே வரவேண்டும் என்றார். தெய்வநாயகம் செய்யாவிட்டால் வேறு டைரக்டர் செய்வார். அந்த வேறு டைரக்டர் அப்போதே வாசலில், காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தொடரும் போனால் தெய்வநாயகத்துக்கு அந்த வயதில் இன்னொன்று கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், நவநீதனுக்கும் தெரியும், சுவரில் இருந்த எனக்கும் தெரியும்.

தெய்வநாயகம் என்னைக் காட்டி நவநீதனிடம் பேசினார்.

"தம்பி, ஊர்ல எத்தனையோ வீட்டுல இப்படி ஒரு படம் மாட்டியிருக்கு. இவர் இறங்கி வந்துட்டா அன்னைக்கு அவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் படத்தைத் திரும்பிப் பார்ப்பாங்க. அவர் இறங்கலேன்னா நானா போய்ப் பதில் சொல்றது?"

நவநீதன் யோசித்தார். அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார்.

பிறகு சுவருக்குப் பின்னால் என்னிடம் வந்தார். பிரபாவதி 'அப்பா' என்று கூப்பிட்டதும் நான் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, சட்டத்தைத் தாண்டி ஹாலில் இறங்க வேண்டும். இறங்கி ஒரு வசனம் சொல்ல வேண்டும். "நான் சாகலம்மா." அதற்கப்புறம் ஒவ்வொரு எபிசோடிலும் எனக்கு வசனம் உண்டு என்றார். ஒரு கோர்ட் சீன்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் நான் அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அழுத்தத்தை 'நான்' மேல் வைக்கலாமா, 'அம்மா' மேல் வைக்கலாமா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப நல்ல வசனம். தெய்வநாயகம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு முன்னால் வந்து, சாய்ந்திருந்த சட்டத்தை நேராக்கினார். "உட்கார வசதியா இருக்கா?" என்றார். தலையசைத்தேன். பிரபாவதியிடம் போய்க் காதில் ஏதோ சொல்லிவிட்டு, கேமரா பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நவநீதன் ஸ்டூல் போட்டு ஏறித் தன் கையாலேயே என் சந்தன மாலையைக் கழற்றினார். "மாலையை எடுத்துட்டா முடிஞ்சுது. இனி இவர் உயிரோட இருக்கிறவர்" என்றார். அது சரிதான். மாலை போட்டால் செத்தவர், போடாவிட்டால் இருப்பவர். எந்த வீட்டிலும் அதுதான் முறை. மாலையை டீப்பாய் மேல் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். எனக்குக் கழுத்துப் பக்கம் லேசாகக் குளிர்ந்தது. தொண்டை திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

ஆக்‌ஷன் என்றார் தெய்வநாயகம்.

பிரபாவதி என் முன்னால் வந்து நின்றாள். வீடு ஏலத்துக்குப் போகிற கட்டம். "அப்பா" என்றாள்.

நான் ஒரு காலைத் தூக்கிச் சட்டத்தின் விளிம்பில் வைத்துவிட்டேன். வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"பினாங்குல இருந்து சித்தப்பா வரட்டும்பா. அவர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்."

இது நவநீதன் கொடுத்த வசனத்தில் இல்லை. சொல்லிவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பிக் காத்திருக்க ஆரம்பித்தாள். அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரிந்த காத்திருப்பு. ஒரு அம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாளே, அந்த வகை. தெய்வநாயகம் என்னைப் பார்க்கவேயில்லை. அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் இறங்கினால் அவள் காத்திருப்பது வீணாகிவிடும். காலைக் கீழே எடுத்தேன். 'நான் சாகலம்மா'வை விழுங்கினேன். மீன்முள் மாதிரி இறங்கியது. மாலை இல்லாமலே செத்துப்போனேன்.

நவநீதன் எனக்குச் சைகை காட்டினார். பிறகு கேமராமேனுக்குக் காட்டினார். டைரக்டர் சொல்லாமல் யாரும் கட் பண்ண முடியாது. பிரபாவதி காத்திருந்தாள். டீக்காரர் கொண்டுவந்த டீயில் ஆடை படிந்தது. அன்றைக்கும் காரில் வந்து உட்கார்ந்திருந்த வேறு டைரக்டர் இறங்கி வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு அவரும் தெருவைப் பார்த்துக் காத்திருந்தார். கடைசியில் நவநீதனும் கையை இறக்கிவிட்டு வாசலைப் பார்த்தார்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

தலை நன்றாக நரைத்திருந்தாலும் சிற்றம்பலத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு கையில் பிஸ்கட் டின், இன்னொரு கையில் பை. கதாநாயகியின் தம்பியாக அனுப்பப்பட்டவர், செருப்பைக் கழற்றும்போதே உள்ளே விழுந்த வசனத்தைக் கேட்டுத் தன்னைச் சித்தப்பாவாக மாற்றிக்கொண்டிருந்தார். பழைய நடிகர்களுக்கு அது போதும். நேராக என்னைப் பார்த்தார். டீப்பாய் மேல் இருந்த மாலையைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு ஒரு மாலைகூடப் போடாமலா வச்சிருக்கீங்க?" என்றார் பிரபாவதியிடம். மெதுவாகத்தான் சொன்னார்.

மாலையை எடுத்து, எம்பி என் சட்டத்தின்மேல் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து இழுத்துவிட்டார். பிறகு சட்டத்தின் அடியில் நெற்றியை வைத்து அழுதார். பினாங்கில் இத்தனை வருஷம் யாருக்கோ தம்பியாக இருந்து சேர்த்துவைத்த அழுகை அது. கண்ணாடிக்கு உள்பக்கம் என் கன்னத்திலும் ஒரு சொட்டு இறங்கியது. போட்டோ அழலாமா என்று எனக்குச் சந்தேகம். தெய்வநாயகம் அதை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கட் சொன்னபிறகு சிற்றம்பலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனார். "யாரோ ஷாட் ரெடின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துது சார், கிளம்பி வந்துட்டேன். பூசணிக்காய் உடைச்சாச்சா?"

"உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்" என்றார் தெய்வநாயகம்.

கார் அனுப்பிப் பரணிலிருந்த பூசணிக்காயை எடுத்துவரச் சொன்னார். சிற்றம்பலமே அதைச் சுற்றி வாசலில் உடைத்தார். விதைகள் ஈரமாக இருந்தன. தெய்வநாயகத்தின் முதல் படம் அன்றைக்குத்தான் முடிந்தது. சிற்றம்பலம் பையிலிருந்து கோடாலித் தைலம் எடுத்து எல்லாருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். நவநீதன் நெற்றியில் தேய்த்துக்கொண்டு, சித்தப்பாவைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். வேறு டைரக்டரும் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு, தெய்வநாயகத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அந்த எபிசோடு ஒளிபரப்பான வாரம் ஊரில் எங்கேயும் சந்தன மாலை கிடைக்கவில்லை. எல்லா வீட்டிலும் படத்துக்குப் புது மாலை வாங்கிப் போட்டார்களாம். எதிர்ச் சேனலில் திரும்பி வந்த அம்மாவை அவர்களே மறுபடி சாகடித்துவிட்டார்கள். அவளுக்கும் மாலை கிடைக்கத் தாமதமாயிற்று.

எங்கள் தொடர் அப்புறம் பல வருஷம் ஓடி, பிரபாவதிக்குக் கதையிலும் நிஜத்திலும் கல்யாணம் ஆகி, முறைப்படி பூசணிக்காய் உடைத்து முடிந்தது. நான் ஸ்டூலிலிருந்து இறங்கிச் சாலிகிராமத்தில் என் வீட்டுக்குப் போனேன். என் போட்டோதான் கதவைத் திறந்து, வாங்க என்றது. அதற்கு வெளியே போய்வந்து பழகிவிட்டது. எனக்கு மாட்டியிருந்து பழகிவிட்டது. குமுதவல்லி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஹாலில் ஆணி சும்மாதான் இருக்கிறது என்றாள். ஏறிக்கொண்டேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், தெரு நன்றாகத் தெரியும். மாலை போடவில்லை, நான்தான் இருக்கிறேனே.

போன வாரம் தெய்வநாயகம் வந்திருந்தார். இப்போது அவர் படம், தொடர் ஒன்றும் எடுப்பதில்லை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், என் சட்டத்தை லேசாக நேராக்கினார்.

"மாலை இல்லை. அப்போ நீ பேசலாம் தாண்டவம்" என்றார்.

ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு, அவரும் என் போட்டோவும் உட்கார்ந்தார்கள். குமுதவல்லி அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். என்ன விஷயம் என்று யாரும் கேட்கவில்லை. சும்மா காத்திருந்தோம். காய்கறி வண்டிக்காரர் போனார். வெயில் படியேறியது. பிறகு குமுதவல்லி தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த தெய்வநாயகத்தின் செருப்பை ஓரமாக எடுத்துவைத்தாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எங்கள் தெருவில் தண்டவாளம் கிடையாது. ரயில் இரண்டு மாமரத்துக்கும் நடுவில் மெதுவாக வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அதே கார்டுதான். பச்சைக்கொடி கொஞ்சம் வெளுத்திருந்தது. தலையை நீட்டி, "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

தெய்வநாயகம் இரண்டு கையின் விரல்களையும் சேர்த்துச் சதுரமாக்கி, அதற்குள் என்னைப் பார்த்தார்.

"சாலிகிராமம்" என்றேன்.

"ஓகே" என்றார் தெய்வநாயகம். இரண்டாவது டேக் கேட்கவில்லை.

கார்டு தலையசைத்துக் கொடியை ஆட்டினார். ரயில் போனபிறகு பார்த்தால், வாசலில் குமுதவல்லி மஞ்சள் பையோடு நின்றிருந்தாள். அன்றைக்கு இருந்த அதே வயது. "ஏங்க, இங்க சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

படியில் உட்கார்ந்திருந்த குமுதவல்லி எழுந்து உள்ளே போய், உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டாள்.